தோட்டாவுக்கு இரண்டு தசமதானம், மனிதனுக்குச் ‘சுமார்’

மன்னார் மாவட்டத்து நறுவிலிக்குளத்தில் வயல் செய்து பிழைக்க வேண்டுமென்றால் கணக்கில் புலியாக இருக்க வேண்டும். (புலி என்ற சொல்லைக் கணக்கோடு மட்டும் சேர்த்து வாசியுங்கள் ஐயா. 1979இல் ‘தற்காலிக’மாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நாங்கள் நன்றாக அறிவோம், எனக்கு நாளைக்கு வயலில் வேலையும் கிடக்கிறது.)

காணி ஏக்கரில். உறுதியைப் பிரித்தால் ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று கட்டம். நாற்பது பேர்ச் ஒரு றூட், நாலு றூட் ஒரு ஏக்கர். விதைநெல் புசலில், ஏக்கருக்கு இரண்டு புசல். ஒரு புசல் நெல் 46 றாத்தல். கிலோவில் கேட்டால் 20 கிலோ 865 கிராம் என்று எங்கேயும் ஒட்டாத ஒரு எண் வரும். யூரியா ஐம்பது கிலோப் பையில். களைநாசினி மில்லிலீற்றரில். மழை மில்லிமீற்றரில் பெய்ததாக வானொலி சொல்லும். அதே மழை அருவியாற்றில் ஓடி, தேக்கத்தில் திரும்பி, கட்டுக்கரைக்குளத்துக்குள் இறங்கிய உடனே அடியாகவும் அங்குலமாகவும் மாறிவிடும். காலபோகக் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரி குளத்துத் தண்ணீரை ஏக்கர்-அடியில் வாசிப்பார். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர், அதாவது 1,233 கன மீற்றர். நாங்கள் தலையை ஆட்டுவோம். தலையை ஆட்டினால்தான் துரிசு திறப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கூத்து. இந்திய அரசு தந்த வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி. அதைக் கட்டிய மணல் ‘கியூப்’ கணக்கில்; நூறு கன அடி ஒரு கியூப். கம்பி மில்லிமீற்றரில், ஆணி இஞ்சியில், சீமெந்து கிலோவில். மேசனுக்குச் சம்பளம் மட்டும் ரூபாயில். வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் டயரைக் குனிந்து பாருங்கள்: 90/90-17. முதலாவது 90 மில்லிமீற்றர், கடைசி 17 இஞ்சி. ஒரே டயருக்குள் இரண்டு சாம்ராச்சியங்கள் சமாதானமாகச் சுற்றுகின்றன. பிள்ளைக்கு நெற்றி சுட்டால் ‘நூற்றிரண்டு காய்ச்சல்’, வெளியில் வெயில் சுட்டால் முப்பத்தைந்து பாகை. வங்காலைப் பக்கம் கடலுக்குப் போனால் ஆழம் பாகத்தில், வலைக்கண் இஞ்சியில், எஞ்சின் குதிரைவலுவில், எண்ணெய் லீற்றரில். மகளுக்குச் சீதனம் பவுணில்.

நாடு எழுபதுகளில் மெற்றிக்குக்கு மாறிவிட்டது. அதற்குச் சட்டம் வந்தது. பிறகு 1995இல் 35ஆம் இலக்கச் சட்டம், அதற்கென்று ஒரு திணைக்களம்: அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். பெயரை ஒரே மூச்சில் சொல்கிற ஆளுக்கு ஒரு கியூப் மணல் இனாம். ஆண்டுக்கொரு தரம் அதிகாரி வருவார். மீன்காரியின் தராசு, மரக்கறிக்காரனின் படிக்கல், எண்ணெய்க் கடையின் அளவுக் குவளை எல்லாவற்றையும் பிரதேச செயலகத்துக்கு அள்ளிக்கொண்டு போய் முத்திரை குத்துவித்துக்கொள்ள வேண்டும். முத்திரையில்லாத தராசில் அரைக் கிலோ சூடை நிறுத்துக் கொடுத்தால் வழக்கு. சட்டம் அவ்வளவு கறார்.

பாண் விசயத்தில் அதைவிடக் கறார். கடையில் நாங்கள் கேட்பது ‘ஒரு றாத்தல் பாண்’. றாத்தல் என்றால் 453 கிராமும் அரைக்கு மேலே கொஞ்சமும். 2024இல் வர்த்தமானி போட்டு ஒரு பாணின் நிறை 450 கிராம் என்றார்கள், அதிலும் 13.5 கிராம் குறைந்தால் பரவாயில்லையாம். 13.5! கவனியுங்கள், தசமப் புள்ளியை. இந்த நாட்டில் பாணுக்குத் தசமதானம் இருக்கிறது. மூன்றரை கிராம் மாற்றத்தில் போய்விட்டது, பதின்மூன்றரை சலுகையில் போய்விட்டது, மிச்சத்தை நாங்கள் பருப்போடு தின்கிறோம். வெள்ளைக்காரனின் றாத்தலை ஒழித்த பெருமையில் ஒரு வாய் குறைந்தால் என்ன?

அறுவடைக்கு வாருங்கள். அங்கேதான் அளவையியலின் உச்சம். வெட்டு மெசின் போய்விட்டது. நெல் றோட்டோரம் படங்கில் காய்கிறது. லொறி வந்து நிற்கிறது. இறங்குகிறவர் எந்த ஊர் முதலாளி என்பது இங்கே வேண்டாம். எல்லா ஊர் முதலாளியும் ஒரே பேச்சுத்தான்.

“ஈரம் கிடக்கு அண்ணை. மூடைக்கு ரெண்டு கிலோ கழிப்பம்.”

“ஆறு நாள் காஞ்ச நெல்லு தம்பி. கடிச்சுப் பாரும்.”

“கடிச்சனான். பல்லில ஈரம் தட்டுது.”

“அது உம்மட பல்லு.”

சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே ரெண்டு கிலோவைக் கழித்துவிடுவார். பிறகு சாக்குக்கு ஒரு கிலோ. அந்தப் பொலித்தீன் சாக்கைத் தனியே தூக்கித் தராசில் போட்டால் எண் அசைந்ததா என்று இரண்டு பேர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தராசு டிஜிட்டல், முத்திரையும் உண்டு, தசமமும் காட்டும். களவு தராசில் இல்லை. தராசு சரியான எண்ணைச் சொல்லி முடித்த பிறகு, வாயால் நடக்கிறது களவு. அதற்கு முத்திரை குத்துகிற அதிகாரி எந்தத் திணைக்களத்திலும் இல்லை. அரசாங்கமோ 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தது. பதினாலு வீத ஈரப்பதம் இருந்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும். களஞ்சியம் திறக்கும்வரை கடன்காரன் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் பொறுப்பதில்லை. 120 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

இனித் துவக்குக்கு வருவோம். காட்டுப்பன்றி ஒரு இரவு வயலுக்குள் இறங்கினால் அரை ஏக்கர் கதிர் சேறாகிவிடும். கமக்காரன் பயிர் காக்க அனுமதி பெற்றுச் சொட்கன் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். சக்கரவர்த்தி ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துச் சாமான், இன்னும் ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் அந்த அனுமதிக்கு ஒரு தமிழன் விண்ணப்பம் எழுதினால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். பன்றிக்கு விண்ணப்பம் தேவையில்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

சொட்கனைப் பன்னிரண்டு போர் என்கிறோம். பன்னிரண்டு என்ன? மில்லிமீற்றரா, இஞ்சியா? இரண்டுமில்லை. ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், ஒரு உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாக இறங்குமோ அதுதான் பன்னிரண்டு போர். பதினெட்டரை மில்லிமீற்றர் ஓட்டை. இருபது போர் என்றால் ஓட்டை சிறிது. எண் கூடக் கூட வாய் சிறுக்கும், அமைச்சரவையின் எதிர்மாறு. தோட்டாப் பெட்டியில் 12/70 என்று அச்சடித்திருக்கும். 12 றாத்தல் கணக்கு, 70 தோட்டாவின் நீளம், மில்லிமீற்றரில். எஸ்.ஜி. தோட்டாவுக்குள் இருக்கிற ஈயக் குண்டு எட்டுச் சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். ஆக, கடையில் பாணுக்குச் செத்துப்போன றாத்தல், பன்றிக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

இராணுவம் அப்படியில்லை. இராணுவம் முற்றுமுழுதாக மெற்றிக். ரி-56 துவக்கின் தோட்டா 7.62 மில்லிமீற்றர். பார்த்தீர்களா, இரண்டு தசமதானம்! ஏழரை என்று விட்டிருக்கலாம், எட்டு என்று முழுசாக்கியிருக்கலாம். ஏன் இந்த 7.62?

1891இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் படை ஒரு துவக்கை எடுத்தது. அதற்கு ‘மூன்று கோடு’ என்று பெயர். கோடு என்றால் இஞ்சியில் பத்தில் ஒரு பங்கு. ரஷ்யாவின் அடியையும் இஞ்சியையும் இங்கிலாந்தின் அடிக்கும் இஞ்சிக்கும் பொருத்தி வைத்தவர் மகா பீட்டர். மூன்று கோடு என்றால் இஞ்சியில் பத்தில் மூன்று. புரட்சி வந்தது, சக்கரவர்த்தி போனார், மெற்றிக் வந்தது. அச்சும் துளைகருவியும் அப்படியே இருந்தன. 0.3 இஞ்சியை மில்லிமீற்றருக்கு மாற்றினால் 7.62. அவ்வளவுதான் அந்த விஞ்ஞானத் துல்லியம். லண்டன் இஞ்சி மொஸ்கோ போய், சிவப்புச் சட்டை போட்டு, சீனத்தில் 1956இல் ‘ரி-56’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, கடைசியில் முருங்கன் சந்தியில் வந்து நின்று எங்கள் அடையாள அட்டையைக் கேட்டது.

அதிலும் ஒரு பொய் இருக்கிறது. துளைத்த குழாயின் விட்டம்தான் 7.62, அதற்குள் சுழல்வரி வெட்டிய பிறகு வெளியே வருகிற குண்டின் விட்டம் 7.9ஐத் தொடும். பழைய த்ரீ நாட் த்ரீ துவக்கும் இப்படித்தான்: பெயர் .303, குண்டு .311. பெயரில் ஒன்று, உடம்புக்குள் போவது இன்னொன்று. எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மற்றவையும் இதே வம்சம். ஹெலியிலிருந்து இறைத்த ‘பிப்ரி கலிபர்’ சரியாக அரை இஞ்சி, 12.7 என்று சொன்னால் அது மெற்றிக். 81 மில்லிமீற்றர் மோட்டார் முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் ‘மூன்று இஞ்சி’ என்று பெயர் வைத்த குழாயின் பேரன். அந்த மூன்று இஞ்சியும் அளந்து பார்த்தால் மூன்று தசம் இரண்டு. 152 மில்லிமீற்றர் பீரங்கி ஆறு இஞ்சி. அமெரிக்காவைப் பாருங்கள். வீட்டில் மைல், கலன், றாத்தல் என்று பிடிவாதமாக இருக்கிற நாடு, நேட்டோக் கூட்டாளிகளோடு சேர்ந்து 7.62, 5.56 என்று சுடுகிறது. பால் கலனில் வாங்கலாம். கொல்லும்போது மட்டும் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு மெற்றிக் முறையைப் படிப்பித்தது பள்ளிக்கூடம் என்று கல்வி அமைச்சு நினைத்துக்கொண்டிருக்கிறது. கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்த அடிமட்டத்தால் சட்டைக்குள் முதுகு சொறிந்ததுதான் மிச்சம். மில்லிமீற்றரை நாங்கள் படித்தது பங்கருக்குள். குத்திய சத்தத்துக்கும் விழுந்த சத்தத்துக்கும் இடையில் எண்ணி, ‘இது எண்பத்தொன்று’, ‘இது நூற்றிருபது’, ‘இது நூற்றிமுப்பது, தூர இருந்து வருது’ என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்லும். ஒரு தவணைப் பரீட்சையிலும் கேட்கப்படாத பாடம். புள்ளி பிழைத்தால் மறுபடி எழுத முடியாத பாடமும்கூட. பக்கத்து ஊர் வங்காலையில் 1985 ஜனவரி 6ஆம் திகதி மேரி பஸ்தியன் அடிகளாரைப் படையினர் சுட்டுக் கொன்றார்களே, அந்தக் குண்டின் விட்டத்தைக் கேட்டால் சொல்ல ஆயுத நூல்கள் அலுமாரி அலுமாரியாக இருக்கின்றன. கொன்றதற்குத் தண்டனை பெற்றவர் யார் என்று கேட்டால் அலுமாரி காலி.

ஒரு பக்கத் தராசை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதினால் எனக்கும் முத்திரை கிடைக்காது. இயக்கத்திடமும் அளவுகோல் இருந்தது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது, ஆளுக்கு எவ்வளவு பணம், எவ்வளவு பொருள் கொண்டு போகலாம் என்று அளவு வைத்துத்தான் அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த மண்ணை விட்டுப் போகிறவர்களின் பையைத் திறந்து நிறுத்தார்கள். 2009இல் தப்பி ஓடிய சொந்தச் சனத்தின் மேல் அவர்கள் சுட்ட குண்டும் 7.62தான். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது வயதை அளக்க மட்டும் அவர்களுக்கு எந்த அலகும் தெரியாமல் போய்விட்டது.

சரி. இவ்வளவு துல்லியமான உலகத்தில் மனிதரை எப்படி அளந்தார்கள்?

2009 தொடக்கத்தில் வன்னிக்குள் எத்தனை சனம் இருக்கிறது என்று கேட்டபோது அரசு சொன்ன எண் 70,000. உணவும் மருந்தும் அந்தக் கணக்குப்படிதான் போயின. தசமம் இல்லை, நாலு சைபர் போட்டு முழுசாக்கிய எண். அதே ஆண்டு யூலையில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து, பெரும்பாலும் செட்டிக்குளத்து முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை 282,380. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கியவரை ஞாயிறுதோறும் கும்பிடுகிறோம். ஆனால் எழுபதினாயிரம் பேரை இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல் பெருக்கிய புதுமை சுவிசேசத்திலும் இல்லை. அப்பத்தைக் குறைத்து ஆட்களைப் பெருக்கிய புதுமை. அது பாதுகாப்பு அமைச்சுக்கு மட்டுமே கைவந்தது.

பிறகு செத்தவர் எத்தனை என்று கேட்டார்கள். அதற்கு அரசு இன்னும் அழகான எண் வைத்திருந்தது: பூச்சியம். ‘பொதுமக்கள் உயிரிழப்பு பூச்சியம்’ என்பது கொள்கையாம். 40,000 வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியதும், அது எப்படி ஒரு தீவு நாட்டின் இறைமையை அளக்கலாம் என்று ஊர்வலம் போனார்கள். பூச்சியத்துக்கும் நாற்பதினாயிரத்துக்கும் நடுவில் அரசின் பேச்சாளர்கள் அன்றன்றைய வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்கினார்கள். ‘சுமார்’, ‘ஏறத்தாழ’, ‘சில ஆயிரம்’. பாணுக்கு இருந்த தசமதானம் ஆட்களுக்கு இல்லை.

இந்த மண்ணில் ஒருவர் மட்டும் கணக்கைக் கணக்காகச் செய்தார். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில், அரசே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 யூலையில் வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இத்தனை பேருக்கு என்ன நடந்தது? அவ்வளவுதான் கேள்வி. நாலாம் வகுப்புக் கழித்தல். மேலே உள்ள எண் அரச கச்சேரியின் எண், ஆயரின் எண் அல்ல. கழித்தல் பிழை என்றால் எங்கே பிழை என்று காட்டலாம். இத்தனை பேர் இந்தியா போனார்கள், இத்தனை பேர் இரண்டு தரம் பதியப்பட்டார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று விரித்து எழுதலாம். மீன்காரியின் தராசில் ஐந்து கிராம் பிசகினால் வழக்குப் போடுகிற நாடுதானே. பதிலுக்கு வந்தவர்கள் கணக்காளர்கள் அல்லர், குற்றப் புலனாய்வுக்காரர். ‘இந்த எண் உங்களுக்கு எங்கே கிடைத்தது?’ என்று ஆயரிடமே விசாரணை. கழித்தல் தெரிந்தவன் சந்தேக நபர்.

எண்ணத் தெரியாத அரசு என்று சொல்ல வருகிறேனா? சீ, இல்லை. எண்ணத் தெரியும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை சரியாக எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்துவரை, நாடு முழுக்க, அவரவர் வளவுக்குள் நிற்கிற குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தாருங்கள் என்று படிவம் கொடுத்தார்கள். நாங்களும் படலையில் பேனாவோடு நின்றோம். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மயில் மட்டும் நாற்பது இலட்சத்துக்கு மேல் என்று பிறகு முடிவும் வந்தது. (காட்டுப்பன்றி கணக்கில் இல்லை. அது காலை எட்டு மணிக்கு வேலைக்கு வருகிற அரச ஊழியரும் இல்லை.) மந்திக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடத்தை, படிவமும் பேனாவும் கொடுத்து, வன்னியிலும் மன்னாரிலும் ஒரு காலை நேரம் மனிதருக்கு ஒதுக்குங்கள் பார்ப்போம். ‘உங்கள் வீட்டில் யார் குறைகிறார்கள்?’ ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு கட்டம். தாய்மார் ஐந்து நிமிடம்கூட எடுக்கமாட்டார்கள். பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த சேட்டின் நிறம் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள். றோட்டோரக் கொட்டில்களில் படத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டாண்டாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணாவிட்டாலும் விலை போட்டுவிட்டார்கள். 2022 மார்ச்சில் காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபாய் என்று அமைச்சரவை தீர்மானித்தது. பிறகு மனமிரங்கி இரண்டு இலட்சமாக்கினார்கள். முன்பு மனதில் வைத்திருக்கச் சொன்ன 120ஐ இப்போது எடுங்கள். இரண்டு இலட்சத்தை 120ஆல் பிரித்தால் 1,666 கிலோ நெல். அதைப் புசலுக்கு மாற்றினால் எண்பது புசல், துளி குறைய. நறுவிலிக்குளத்தில் எண்பது புசல் என்பது ஒரு ஏக்கரின் ஒரு போக விளைச்சல். ஆக, காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தமிழன் சமன் ஒரு ஏக்கர், ஒரு போகம். அளவீட்டுத் திணைக்களம் இந்தப் புது அலகையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளலாம். ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பதா என்பதை முதலாளிமாரைக் கேட்டுத் தீர்மானிக்கட்டும். பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்று கொட்டிலில் இருக்கிற தாய்மார் அந்த மூடையைத் தொடவில்லை. அது வேறு கதை இல்லை. அதுதான் கதை.

காணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முள்ளிக்குளத்தார் என்னோடு கோபிப்பார்கள். 2007இல் அவர்களைப் படையினர் ஊரை விட்டு எழுப்பினார்கள். சண்டை முடிந்து பார்த்தால் ஊருக்குள் கடற்படை வீடு கட்டிக் குடியிருக்கிறது. சனம் மலங்காட்டில் கிடந்தது. 2017இல் முகாம் வாசலில் இருந்து போராடிய பிறகு, ஏப்ரல் மாதக் கடைசியில், 100 ஏக்கர் விடுவதாகச் சொன்னார்கள். எடுக்கும்போது அளவே இல்லை. ஊர் என்றால் ஊர், கடல் என்றால் கடல், குளம் என்றால் குளம். கொடுக்கும்போது மட்டும் நில அளவையாளர், சங்கிலி, பேர்ச், வரைபடம், கட்டம் கட்டமாக. ஆங்கிலேயன் விட்டுப்போன ஏக்கரை மெற்றிக் இராணுவம் அவ்வளவு பாசமாக வைத்திருக்கிற காரணம் அப்போதுதான் விளங்கியது. ஹெக்டேயரில் சொன்னால் 100 ஏக்கர் வெறும் 40 ஆகிவிடும். அறிக்கையில் சின்னதாகத் தெரியும்.

வருகிற முறை பிரதேச செயலகத்துக்குத் தராசு முத்திரை குத்த வருகிற உத்தியோகத்தர் ஐயா, உங்களோடு எனக்குப் பகை இல்லை. நீங்கள் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள். மீன்காரியின் தராசு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மீன்காரிக்கும் இரண்டு கருத்து இல்லை. உங்கள் பித்தளைப் படிக்கற்களைப் பெட்டியோடு கொழும்புக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது, மேலே இருப்பவர்களிடம் ஒரு எண்ணை ஒப்படையுங்கள். ஆறு இலக்கம், தசமம் இல்லை, கழித்துப் பார்த்த விடை: 146,679.

அதைக் கேட்ட ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அரசிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை.